பேசாத வீரர்களும் பேசும் தலையும்: வேல்ஸ் புராணக் கதைகளில் கொப்பரையின் பொருள்

1. கேள்வி

அபெர்ஃப்ராவ் விருந்தின் இரண்டாம் இரவு. பிரித்தானியத் தீவின் அரசன் பெண்டிகைட்வ்ரானும் அயர்லாந்து அரசன் மத்தோலுக்கும் கூடாரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பெண்டிகைட்வ்ரானின் உடம்பைக் கொள்ளும் வீடு எங்கும் இல்லை என்பதால்தான் கூடாரம். முந்தைய இரவில் கலகலப்பாகப் பேசிய விருந்தாளியின் பேச்சு இன்று சுரத்தற்றுக் கிடக்கிறது. கொடுத்த ஈடு போதவில்லை போலும் என்று நினைக்கும் அரசன், அதற்கு மேல் இன்னொன்றையும் தருகிறான். அது ஒரு கொப்பரை. இன்று வெட்டுண்டு செத்தவனை அதில் போட்டால் நாளை முன்போலவே எழுந்து போரிடுவான். பேச்சு மட்டும் திரும்பாது.

வேல்ஸ் மொழியின் இடைக்காலக் கதைத் தொகுதியான மபினோகியின் இரண்டாம் கிளையில் வரும் காட்சி இது. இதைப் போன்ற அதிசயப் பொருள்கள் அந்த இலக்கியம் முழுவதும் கிடக்கின்றன: தீப்பற்றி எரியும் வாள், நூறு பேருக்கு உணவு தரும் கூடை, கோழையின் இறைச்சியை வேகவைக்க மறுக்கும் பாத்திரம், தானே ஆடிக்கொள்ளும் காய்கள் கொண்ட ஆட்டப்பலகை. இவற்றை எப்படிப் படிப்பது? கிறித்தவத்துக்கு முந்தைய கெல்டிய சமயம் ஒன்று சிதைந்து போனதன் துண்டுகள் இவை என்று ஒரு மரபு படித்தது. அந்தப் படிப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பொருளின் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆற்றலோடு கதை கட்டிவைத்திருக்கும் நிபந்தனையை அது விட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தப் பொருளுக்கு என்ன நிபந்தனை என்று பார்த்தால், நாம் போய்ச் சேரும் இடம் கோயிலன்று, விருந்துக்கூடமும் வழக்குமன்றமுமே.

2. சுவடிகளின் வயது

மபினோகியின் நான்கு கிளைகளையும் முழுமையாகத் தரும் சுவடிகள் இரண்டு. 1350ஐ ஒட்டி எழுதப்பட்ட ரதெர்க்கின் வெள்ளைப் புத்தகம் இன்று அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1382க்குப் பிறகு, பதினான்காம் நூற்றாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் தறுவாயில் எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட்டின் சிவப்புப் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துணுக்குகளும் சில கிடைத்துள்ளன. கதைகள் இந்த வடிவத்தைப் பெற்றது பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சீமாட்டி சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புதான் இவற்றை உலகறியச் செய்தது.

கதைகளை எழுதியவரும் கேட்டவர்களும் கிறித்தவர்கள். பிரித்தானியாவில் ரோமர்களுக்கு முந்தைய சமயம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. இந்த இடைவெளியை மேத்யூ ஆர்னல்ட் 1867இல் வெளியான தம் கெல்டிய இலக்கிய நூலில் ஓர் உவமையால் விளக்கினார்: பழைய மாநகரின் இடிபாட்டுக் கற்களைக் கொண்டு குடிசை கட்டும் குடியானவனைப் போன்றவன் இந்தக் கதைசொல்லி, கற்கள் எந்தக் கோயிலுடையவை என்பது அவனுக்குத் தெரியாது. எடுத்தாள வசதியான உவமை. அதனால்தான் அடுத்த நூறாண்டு ஆய்வில் பெரும்பகுதி அந்தக் கோயிலை மீண்டும் எழுப்பும் முயற்சியாகவே போயிற்று. நான்கு கிளைகளுக்கும் அடியில் பிரிடெரி என்ற வீரனின் தொலைந்துபோன வாழ்க்கைக்கதை ஒன்று இருந்ததாக டபிள்யூ. ஜே. க்ரிஃபித் 1928இல் மாத் கிளை பற்றிய நூலிலும் 1953இல் ரியானன் பற்றிய நூலிலும் நிறுவ முயன்றார். ப்ரொயின்ஷியஸ் மக்கானா 1958இல் எழுதிய நூல், பிரான்வென் கதையில் அயர்லாந்துக் கதைகளின் கூறுகள் எவ்வளவு என்று கணக்கெடுத்தது. இவர்களின் உழைப்பு பெரிது. அது இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவே முடியாது. ஆயினும் குடிசை கட்டியவன் கல்லின் பழைய பெயரை அறியாதவன் என்பதால், தான் கட்டும் சுவரையும் அறியாதவன் ஆகிவிடமாட்டான்.

3. ஏரியில் கிடந்த உலோகம்

தொன்மைச் சமய வாதத்துக்கு வலுவூட்டும் சான்றுகளை முதலில் பார்த்துவிடலாம். அவை ஒதுக்கித் தள்ளக்கூடியவை அல்ல.

தெற்கு வேல்ஸின் மலைப்பகுதியில் லின் வவுர் என்று ஓர் ஏரி. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை நீர்த்தேக்கமாக மாற்றும் வேலை நடந்தபோது சேற்றிலிருந்து வெண்கலக் கொப்பரைகள் இரண்டு, இரும்பு வாளின் துண்டு, அரிவாள்கள், குதிரைச் சேண உறுப்புகள் எனப் பல பொருள்கள் கிடைத்தன. கி.மு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தவை. வெண்கலத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஆணியடித்து உருட்டிய அந்தக் கலங்கள் அன்றைக்கு எந்த வீட்டிலும் சாதாரணமாகப் புழங்கியிருக்க முடியாது. யாரோ அவற்றை வேண்டுமென்றே தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1942இல் ஆங்கிள்சி தீவில் விமான தளம் அமைக்கும்போது லின் கெரிக் பாக் என்ற இடத்தில் சதுப்பிலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இரும்புக்காலப் பொருள்கள் வெளிவந்தன. வாள்கள், தேர் உறுப்புகள், கொப்பரைத் துண்டுகளோடு, அடிமைகளைக் கழுத்தில் பூட்டும் இரும்புச் சங்கிலி ஒன்றும் இருந்தது. அது என்னவென்று அறியாத வேலையாட்கள், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் சங்கிலி தாங்கியது.

இவற்றைவிட அடிக்கடி மேற்கோளாகும் சான்று டென்மார்க்கிலிருந்து வருகிறது. 1891இல் குண்டெஸ்ட்ரப் சதுப்பில் கிடைத்த வெள்ளிக் கொப்பரையின் உட்தகடு ஒன்றில், கீழ்வரிசையில் கேடயம் தாங்கிய காலாட்கள் இடப்பக்கம் நடக்கிறார்கள். அங்கே நிற்கும் பேருரு ஒருவனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கலத்துக்குள் இறக்குகிறது. மேல்வரிசையில் குதிரைவீரர்கள் வலப்பக்கம் செல்கிறார்கள். செத்த காலாட்கள் கலத்தில் மூழ்கிக் குதிரைவீரராக எழுகிறார்கள் என்று படிப்பவர்களுக்கு, மபினோகியின் மறுபிறப்புக் கொப்பரை உடனே நினைவுக்கு வருகிறது. மத்தோலுக் சொல்லும் கதைப்படி அந்தக் கொப்பரை அயர்லாந்தின் ஓர் ஏரியிலிருந்துதான் வெளிவந்தது. செம்மஞ்சள் தலைமுடி கொண்ட பெரிய ஆள் அதை முதுகில் சுமந்துவர, அவனைவிட இருமடங்கு பெரிய மனைவி பின்னால் வந்தாள்.

ஏரிக்குக் கொடுத்த கொப்பரை, ஏரியிலிருந்து வரும் கொப்பரை. இந்த ஒற்றுமையில் மனம் லயிக்கத்தான் செய்கிறது. ஆனால் லின் வவுருக்கும் வெள்ளைப் புத்தகத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். குண்டெஸ்ட்ரப் கலத்தின் வேலைப்பாடு டான்யூப் நதியின் கீழ்ப்பகுதியில், திரேசியக் கொல்லர்களின் கைவண்ணத்தை ஒத்தது என்று கருதுவோர் பலர். அந்தத் தகட்டில் நடப்பது பலியா, மறுபிறப்பா, வேறு சடங்கா என்பதைத் தகடு தானாகச் சொல்லவில்லை. வேல்ஸ் கதையைக் கொண்டு தகட்டைப் படித்துவிட்டு, பிறகு அதே தகட்டைக் கொண்டு வேல்ஸ் கதைக்குத் தொன்மை கற்பிப்பது வட்டத்தில் சுற்றுவதாகும். கொப்பரை மதிப்புமிக்க பொருள், தண்ணீரோடும் விருந்தோடும் தொடர்புடையது என்பதுவரை சான்று நம்மைக் கொண்டுபோகிறது. அதற்கப்பால் கதையைத்தான் கேட்கவேண்டும்.

4. முகத்தின் விலை

கதை இது. மத்தோலுக் பதின்மூன்று கப்பல்களில் வந்து, பெண்டிகைட்வ்ரானின் தங்கை பிரான்வெனைப் பெண் கேட்கிறான். திருமணம் முடிகிறது. ஒரே தாய்க்கு வேறு தந்தையால் பிறந்த சகோதரனான எவ்னிஸ்யென், தன்னைக் கேட்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்று கொதித்து, விருந்தாளியின் குதிரைகளிடம் போகிறான். உதடுகளைப் பல்வரை, காதுகளைத் தலையோடு, வால்களை முதுகோடு, பிடி கிடைத்த இடத்தில் இமைகளை எலும்புவரை அறுக்கிறான். கதைசொல்லி ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்.

இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. ஹிவெல் தா மன்னன் பெயரால் வழங்கும் வேல்ஸ் சட்டநூல்கள் குதிரையின் கண்ணுக்கும் வாலுக்கும் தனித்தனி இழப்பீடு பேசுபவை. அவற்றில் அவமதிப்பு என்ற குற்றத்துக்கும் அதற்குரிய ஈட்டுக்கும் சர்ஹைட் என்ற ஒரே சொல். அபெர்ஃப்ராவின் அரசனுக்கு இழைத்த அவமதிப்புக்கு ஈடு சொல்லும்போது சட்டநூல், பசுக்களோடு ஒரு கோலையும் அரசனின் முகத்தளவு அகலமான பொன்தட்டையும் குறிப்பிடுகிறது. தட்டின் கனத்துக்கு ஏழாண்டு ஏர் உழுதவனின் நகம் அளவு. கதையில் பெண்டிகைட்வ்ரான் தரும் ஈடு என்ன? ஒவ்வொரு குதிரைக்கும் ஊனமற்ற ஒரு குதிரை. மத்தோலுக்கின் சுண்டுவிரல் கனமும் அவன் உயரமும் கொண்ட வெள்ளிக்கோல். அவன் முகத்தளவு பொன்தட்டு. நடக்கும் இடமும் அபெர்ஃப்ராவ்தான். ஈட்டுக்குக் கதை ஆளும் சொல்லின் நேர்ப்பொருள் முகவிலை. முகம் கொடுத்துப் பேசுவது என்றும், முகத்தில் கரி பூசுவது என்றும் சொல்லும் மொழியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கொப்பரை கதைக்குள் வருவது சட்டப்படியான ஈடு தீர்ந்த பிறகு, அளவுக்கு மேற்பட்ட ஒன்றாக. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கோலுக்கும் தட்டுக்கும் அளவு உண்டு. விரல், உயரம், முகம், நகம் என்று மனித உடம்பே அளவுகோல். கொப்பரைக்கு அளவு இல்லை. அவமதிப்பை முழுமையாகத் துடைத்துவிட வேண்டும், விருந்தாளி மறுபடி வாய்நிறையப் பேசவேண்டும் என்ற ஆசையில் கொடுத்த பொருள், பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மீட்டுத் தருவதாக இருக்கிறது.

அயர்லாந்து சென்ற ஓராண்டில் மக்கள் பழைய அவமதிப்பைக் கிளறுகிறார்கள். பிரான்வெனை மடைப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இறைச்சி வெட்டுபவன் நாள்தோறும் வந்து அவள் காதோரம் அறைகிறான். செய்தி கடல் தாண்டாதபடி கப்பல்களைத் தடுத்துவைக்கிறார்கள். மூன்று ஆண்டுகள். அவள் மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் ஒரு மைனாக் குஞ்சை வளர்த்து, அதற்குச் சொற்கள் கற்பிக்கிறாள். தன் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று அதற்குச் சொல்லித்தருகிறாள். சிறகடியில் கடிதம் கட்டி அனுப்புகிறாள். மூன்றாண்டு யாரிடமும் முறையிட முடியாதவளுக்குப் பறவையின் வாய்தான் கிடைத்தது.

பிறகு போர். அயர்லாந்து வீரர்கள் கொப்பரைக்கு அடியில் தீ மூட்டி, தங்கள் பிணங்களை அதில் எறிகிறார்கள். மறுநாள் அவை ஊமைகளாக எழுந்து போரிடுகின்றன. தன் பக்கத்துப் பிணங்கள் குவிந்துகிடப்பதைப் பார்க்கும் எவ்னிஸ்யென், இதற்கெல்லாம் காரணம் தானே என்று உணர்கிறான். எதிரிப் பிணங்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறான். இரண்டு பேர் அவனையும் தூக்கிக் கொப்பரைக்குள் போடுகிறார்கள். அவன் உள்ளே கை கால்களை நீட்டி உந்துகிறான். கொப்பரை நான்காகப் பிளக்கிறது. அவன் நெஞ்சும் பிளக்கிறது. செத்தவர்களை உயிர்ப்பிக்கும் கலத்தை, உயிருள்ள ஒருவன் அதற்குள் புகுந்து உடைக்கிறான். தொடக்கத்தில் குதிரைகளை அறுத்த அதே கைகள்.

செத்தவர்களை உயிர்ப்பிக்கும் நீர் அயர்லாந்தின் மாய் துரா போர்க் கதையிலும் வருகிறது. அங்கே மருத்துவத் தெய்வமான தியான்கெக்ட் மந்திரம் ஓதிய கிணற்றில் இடப்பட்டவர்கள் நலமாக எழுகிறார்கள். எதிரிகள் கற்களைப் போட்டுக் கிணற்றைத் தூர்க்கிறார்கள். கட்டமைப்பு ஒன்றே. ஆனால் பேச்சு போகும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. பிரான்வென் கதையில் மட்டும் அது ஏன்? ஊமைநிலை மறுவுலகத்தின் அடையாளம் என்று விளக்கமுண்டு, இருக்கலாம். ஆனால் கதையின் அடுத்த பகுதி இன்னும் நெருக்கமான விடையைத் தருகிறது. நச்சு ஈட்டியால் காலில் அடிபட்ட பெண்டிகைட்வ்ரான், தன் தலையை வெட்டி எடுத்துச்செல்லும்படி தன் ஆட்களிடம் சொல்கிறான். தப்பியவர்கள் ஏழு பேர். அந்தத் தலை ஹார்லெக்கில் ஏழாண்டும், க்வாலெஸ் தீவில் எண்பதாண்டும் அவர்களோடு விருந்தில் அமர்ந்து, உயிரோடு இருந்த காலத்தைப் போலவே நல்ல துணையாக இருக்கிறது. ஒரு பக்கம் பேச்சிழந்த முழு உடம்புகள். மறுபக்கம் உடம்பிழந்த தலையும் அதன் கலகலப்பும். இது தற்செயலாக அமைந்த எதிர்நிலை என்று நான் நம்பவில்லை. பெண்ணைக் கொடுக்கும்போது கேட்கப்படாத சகோதரன், மடைப்பள்ளியில் அடைபட்ட தங்கை, சுரத்தற்றுப் பேசிய விருந்தாளி, சொல் பழகிய மைனா என்று கதை முழுவதும் பேச்சைச் சுற்றியே நகர்கிறது. மனிதர்களிடையே முறிந்ததைப் பொருளால் ஈடுகட்டலாம், ஓரளவுக்கு. சொல் மட்டும் அதில் மீளாது. கொப்பரையின் நிபந்தனைக்கு இதுவே பொருள் என்று நான் கொள்கிறேன்.

5. கோழைக்கு வேகாத உணவு

மற்றக் கொப்பரைகளும் இதே கொப்பரைதானா? ஒன்றே பல பெயரில் வருகிறது என்று சொன்னவர்கள் உண்டு. சான்றுகள் அவ்வளவு இசைவாக இல்லை.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்ட தலியெசின் புத்தகத்தில் அன்னூவ்னின் கொள்ளை என்ற பழம்பாடல் இருக்கிறது. ஆர்தர் பிரிட்வென் என்ற கப்பலில் மூன்று கப்பல் கொள்ளும் ஆட்களோடு மறுவுலகக் கோட்டைக்குப் போகிறான். திரும்பியவர்கள் ஏழு பேர் மட்டும். அங்கே அன்னூவ்ன் தலைவனின் கொப்பரை இருக்கிறது. விளிம்பில் முத்துகள், ஒன்பது கன்னியரின் மூச்சால் கனலும் தீ. கோழையின் உணவை அது வேகவைக்காது. ஏழு பேர் மட்டும் மீளும் கடற்பயணமும் கொப்பரையும் பிரான்வென் கதையை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் இந்தக் கலம் யாரையும் உயிர்ப்பிப்பதில்லை. அதன் வேலை சமையல். அதன் இயல்பு தேர்ந்தெடுப்பது.

குல்ஹுக்–ஓல்வென் கதையில் அயர்லாந்தின் தியுர்னாக் என்பவனின் கொப்பரை வருகிறது. அரக்கனான இஸ்பதாதென் தன் மகள் ஓல்வெனின் திருமண விருந்தைச் சமைக்க அதுதான் வேண்டும் என்கிறான். ஆர்தர் அயர்லாந்து அரசன் வழியாகக் கேட்டனுப்பியும் தியுர்னாக் தர மறுக்கிறான். ஆர்தர் கடல் கடந்து போய், அவன் வீட்டில் உண்டு குடித்து, பிறகு கேட்கிறான், மறுபடி மறுப்பு. ஆர்தரின் வீரன் பெத்விர் கொப்பரையைத் தூக்கி வேலையாளின் முதுகில் ஏற்றுகிறான், தியுர்னாக் கொல்லப்படுகிறான், கொப்பரை நிறைய அயர்லாந்துக் காசோடு கப்பல் திரும்புகிறது. உப்பிட்ட வீட்டைக் கொள்ளையடிப்பதைக் கதை பெருமிதமாகவே சொல்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தியுர்னாக்கின் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் அந்த உலகின் கணக்கில், விருந்துக்குரிய பாத்திரத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டவனே தவறியவன். கொப்பரை சமைப்பதற்கு மட்டும் உரியதன்று. பலருக்குச் சமைப்பதற்கு உரியது. குடிப்பிறந்த ஒருவனுக்கு இன்றியமையாத மூன்று பொருள்களாகச் சட்டநூல் யாழையும் போர்வையையும் கொப்பரையையும் சொல்கிறது: பாட்டு, விருந்தாளிக்குப் படுக்கை, உணவு.

இதே கதையில், கேட்டதையெல்லாம் தருவேன் என்று, ஓல்வெனை மணக்க விரும்பும் குல்ஹுக்கிடம் சொல்லும் ஆர்தர் சிலவற்றை விலக்குகிறான்: தன் கப்பல், மேலாடை, காலெட்வுல்க் என்ற வாள், ஈட்டி, கேடயம், குத்துவாள், மனைவி க்வென்ஹவிவார். பெயர் பெற்ற படைக்கலங்களுக்கு இங்கே மந்திர ஆற்றல் எதுவும் சொல்லப்படவில்லை. கொடுக்க முடியாதவை என்பதே அவற்றின் சிறப்பு. கைமாறவேண்டிய பொருள், கைமாறக்கூடாத பொருள் என்ற பிரிவு இந்தக் கதைகளில் ஆழமாக ஓடுகிறது.

கெரிட்வெனின் கொப்பரை தனி வகை. பதினாறாம் நூற்றாண்டில் கலே நகரக் காவற்படையில் இருந்த வேல்ஸ் போர்வீரர் எலிஸ் க்ரிஃபித் தம் வரலாற்று நூலில் அதை எழுதிவைத்தார். அதற்கு முன்பே, இடைக்காலக் கவிஞர்கள் தங்கள் கவித்துவத்தின் ஊற்றாக அந்தக் கொப்பரையைப் பாடியிருக்கிறார்கள். அழகற்ற தன் மகனுக்கு அறிவாவது கிடைக்கட்டும் என்று கெரிட்வென் ஓராண்டும் ஒரு நாளும் மூலிகை காய்ச்சுகிறாள். பயன் மூன்று துளிகளில் மட்டும்; எஞ்சியது நஞ்சு. அந்தத் துளிகள் மகனுக்குக் கிடைக்காமல் அடுப்படியில் இருந்த க்வியோன் என்ற சிறுவனுக்குப் போய்விடுகின்றன. கொப்பரை வெடிக்கிறது. அவன் மறுபிறவியில் தலியெசின் என்ற கவிஞனாகிறான். மறுபிறப்புக் கொப்பரை உயிரைத் தந்து சொல்லை எடுத்துக்கொள்கிறது; இது சொல்லைத் தருகிறது, தாய் நினைத்த பிள்ளைக்கு அல்ல.

6. வடக்கின் பதின்மூன்று பொருள்கள்

பிரித்தானியத் தீவின் பதின்மூன்று அரும்பொருள்கள் என்ற பட்டியல் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சுவடிகளில் கிடைக்கிறது. மிகப் பழைய படிகளில் ஒன்று க்விலிம் டியூ என்ற கவிஞரின் கையெழுத்தில் உள்ளது. சுவடிக்குச் சுவடி பொருள்கள் சற்றே மாறும். பி. சி. பார்ட்ரம் 1963இல் இவற்றை ஒப்பிட்டு வெளியிட்டார்.

பட்டியலைப் பொதுவாக ஒரு மந்திரக் களஞ்சியமாகவே நினைவுகூர்கிறார்கள். பெயர்களைக் கவனித்தால் வேறொன்று தெரியும். ரதெர்க், க்வென்தொலாய், க்லித்னோ ஐதின் முதலானோர் வடக்கின் ஆட்கள். ஆறாம் நூற்றாண்டில் இன்றைய தெற்கு ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் வேல்ஸ் மொழியின் மூதாதை பேசி ஆண்டவர்களாக மரபு போற்றும் தலைவர்கள். அந்த நிலம் போய்விட்டது. தானே ஆடும் வெள்ளிக் காய்களும் பொற்பலகையும் க்வென்தொலாயுடையவை; அவன் அர்வ்தெரித் போரில் 573இல் வீழ்ந்ததாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது.

இந்தப் பொருள்கள் செய்பவை என்ன? கூடையில் ஒருவருக்கான உணவை வைத்தால் நூறு பேருக்கு எடுக்கலாம். ஒரு கொம்பு வேண்டிய பானத்தைத் தரும். ஒரு கத்தி இருபத்துநான்கு பேருக்குப் பந்தியில் இறைச்சி அரியும். வீரன் அல்லாதவனுக்குத் திர்னுக் அரக்கனின் கொப்பரை வேகவைக்காது. பதார்ன் பைஸ்ரித்தின் அங்கி உயர்குடியினனுக்குப் பொருந்தும், குடியானவனுக்குப் பொருந்தாது. விருந்து, வீரம், குலம். 1282இல் கடைசி சுதேச இளவரசன் வீழ்ந்த பிறகு, வேல்ஸ் கவிஞர்களைப் புரந்தவர்கள் நிலவுடைமைக் குடும்பத்தினர். அவர்களைக் கவிஞர்கள் எதற்காகப் புகழ்ந்தார்களோ அவையே இங்கே பொருள்களாக உருக்கொண்டிருக்கின்றன. அங்கியின் நிபந்தனையில் இருக்கும் குலச்செருக்கை நாம் பாராட்ட வேண்டியதில்லை. அது அங்கே இருக்கிறது என்பதை மறைக்கவும் கூடாது. இந்தப் பட்டியலைக் கெல்டிய ஞானமாக மட்டும் காட்டும் இன்றைய நூல்கள் அதை எளிதாகக் கடந்துவிடுகின்றன.

பட்டியலின் முதற்பொருள் ரதெர்க் ஹைலின் திர்ன்வின் என்ற வாள். ஹைல் என்றால் கொடையாளி. உயர்குடியில் பிறந்தவன் உருவினால் கைப்பிடியிலிருந்து முனைவரை வாள் தீப்பற்றும். கேட்டவர் எவருக்கும் ரதெர்க் அதைக் கொடுத்துவிடுவான். ஆனால் அந்த இயல்பை அறிந்ததும் எல்லோரும் வாங்க மறுத்தார்கள். அதனால்தான் அவனுக்குக் கொடையாளி என்று பெயர் என்கிறது பட்டியல். மறுத்தவர்கள் நெருப்புக்கு அஞ்சினார்களா, அல்லது உருவும்போது தீ வராமல் போய்விடுமோ என்று அஞ்சினார்களா? பட்டியல் சொல்லவில்லை. இரண்டாவது அச்சமே கதைக்குப் பொருத்தம் என்பேன். நீட்டிய கையில் வாள் இருக்கிறது. எதிரே நிற்பவன் தன் பிறப்பை எண்ணிப் பார்க்கிறான்.

7. தட்டில் ஒரு தலை

இந்தக் கொப்பரைகளே புனித கிரெய்லின் மூலம் என்ற வாதம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1963இல் ஆர். எஸ். லூமிஸ் வெளியிட்ட நூல் அதன் முதிர்ந்த வடிவம். காலில் காயம்பட்ட பெண்டிகைட்வ்ரான் என்ற ப்ரான், கிரெய்லைக் காக்கும் ஊனமுற்ற மீனவ அரசனாகவும், ரொபேர் தெ போரோன் எழுதிய நூலின் ப்ரோனாகவும் மாறினான் என்பது அதன் மையம். பெயர் ஒற்றுமையும் காயமும் விருந்தும் சேர்ந்து வருவதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கிரெத்தியென் தெ த்ருவா பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய பிரெஞ்சுக் காவியத்தில் கிரெய்ல் என்பது பரிமாறும் அகலத் தட்டு, கொப்பரை அன்று.

இந்த வாதத்துக்கு உரைகல்லாக இருக்கவேண்டியது வேல்ஸ் மொழியிலேயே உள்ள பெரெதிர் கதை. கிரெத்தியென் கதைக்கு இணையான வேல்ஸ் வடிவம் அது. வெள்ளைப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது. கொப்பரைதான் கிரெய்லாயிற்று என்றால், கொப்பரைக் கதைகளை அறிந்த வேல்ஸ் எழுத்தாளர் இந்த இடத்தில் அதைக் கொண்டுவந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அவர் கொண்டுவரவில்லை. பெரெதிர் மாமன் வீட்டில் அமர்ந்திருக்கும்போது, இரண்டு இளைஞர்கள் பேரீட்டி ஒன்றைச் சுமந்து வருகிறார்கள். அதன் கழுத்திலிருந்து மூன்று குருதி ஓடைகள் தரைக்கு வழிகின்றன. கூடத்தில் எல்லோரும் ஓலமிடுகிறார்கள். பிறகு இரண்டு பெண்கள் பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். தட்டில், குருதி சூழ, ஒரு மனிதனின் தலை.

கதையின் முடிவில் விளக்கம் வருகிறது. அது பெரெதிரின் ஒன்றுவிட்ட சகோதரனின் தலை. கொன்றவர்கள் காயெர்லொயிவ் சூனியக்காரிகள். பழிதீர்க்க வேண்டியவன் பெரெதிர். பிரெஞ்சுக் கதையில் திருவுணவு தாங்கும் கலம், வேல்ஸ் எழுத்தாளரின் கையில் உறவினரின் கொலைக்குக் கேட்கப்படாத ஈடாக மாறுகிறது. அபெர்ஃப்ராவில் முகத்தளவு பொன்தட்டை நீட்டிய அதே சட்ட உலகம் இங்கே தட்டில் முகத்தையே வைத்து நீட்டுகிறது. இங்கும் ஒரு நிபந்தனை உண்டு. தலை பெண்டிகைட்வ்ரானின் தலையைப் போலப் பேசாது. பார்ப்பவன்தான் வாய்திறந்து கேட்கவேண்டும். அதிகம் கேள்வி கேட்காதே என்று அதற்குமுன் சந்தித்த இன்னொரு மாமன் அவனுக்குச் சொல்லியிருந்ததால் பெரெதிர் அன்றிரவு ஒன்றும் கேட்கவில்லை. பின்னொரு நாள் ஆர்தரின் அவைக்குக் கோவேறு கழுதையில் வரும் கரிய பெண், எல்லோர் முன்னிலையிலும் அவனைச் சாடுகிறாள்: நீ கேட்டிருந்தால் அரசன் நலம் பெற்றிருப்பான், நாடு அமைதி பெற்றிருக்கும்; நீ கேட்காததால் போர் வரும், பெண்கள் கணவரை இழப்பார்கள்.